கருமணல் முற்றம்: கடலோர வீடு ஒன்றில் மண்ணின் கதிரியக்கத்தை அளந்த நிகழ்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், மணவாளக்குறிச்சியை ஒட்டிய ஒரு மீனவ ஊர். கடலிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஓட்டு வீடு ஒன்று. வீட்டில் ஐந்து பேர்: வயதான அம்மா, வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் மகன், மே மாதத்தில் மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்த மருமகள், மூன்று வயதுப் பேரன், கல்லூரியில் படிக்கும் இளைய மகன். ஊர்ப் பெயரையும் வீட்டாரின் அடையாளத்தையும் எழுதவில்லை. நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். மண் மாதிரிகளில் எந்தக் கதிரியக்கத் தனிமம் எவ்வளவு என்று அறியக் காமா நிறமாலை எடுப்பது என் வேலையின் ஒரு பகுதி.

இந்தக் கரையின் மணல் கறுப்பாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்த மணல் இது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் கரைந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, அலையடித்து அலையடித்து இலேசான மணல் ஒதுங்க, கனமானது கரையில் தங்கிவிட்டது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டை அடையாளம் கண்டார். அப்போது அதைத் தேடியது விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் வெள்ளையாக ஒளிர்ந்தது தோரியம் ஆக்ஸைடு. நம் கரை மோனசைட்டின் எடையில் ஏறக்குறைய 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்ஸைடு, கூடவே கொஞ்சம் யுரேனியம். தோரியம்–232இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். இந்த மணலின் கதிரியக்கம் மனிதர் யாரும் கொண்டுவந்து போட்டதல்ல. ஊர் உருவாவதற்கு முன்பே அங்கே இருந்தது.

மார்ச்: ஒரு கருவியும் ஒரு எண்ணும்

இளைய மகன் இணையத்தில் கதிரை எண்ணிக் காட்டும், பேனா அளவிலான கைகர் கருவி ஒன்றை வாங்கினான். முற்றத்தில், துவைகல் பக்கத்தில் குவிந்து கிடந்த கருமணல் மேல் அதை வைத்தான். மணிக்கு 5.6 மைக்ரோசீவெர்ட் (சீவெர்ட் என்பது உடம்புக்கான கதிரளவின் அலகு) என்று காட்டிற்று, அலறவும் செய்தது. அடுத்த நாள் வீடு வீடாகப் போய் அளந்தான். வாரம் முடிவதற்குள் ஊரில் இரண்டு பேச்சு: கனிமம் பிரிக்கும் மணல் ஆலையிலிருந்து கசிகிறது என்று ஒன்று, கூடங்குளத்திலிருந்து காற்றில் வருகிறது என்று மற்றொன்று. பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார்.

மார்ச் கடைசியில் போனேன். பையனின் கருவியைக் குவியல் மேல் வைத்துப் பார்த்தேன், 5.6 தான். மூன்று மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகட்டை இடையில் வைத்ததும் 3.9க்கு இறங்கியது. மணலிலிருந்து வரும் பீட்டாத் துகள்களையும் அந்தக் கருவி எண்ணி, எல்லாவற்றையும் காமா என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தது. பீட்டாவுக்குத் தோலைத் தாண்டி உள்ளே போக அவ்வளவு வலு இல்லை. அவன் அளந்ததில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உடம்பு முழுவதும் பெறும் அளவு அது இல்லை. இதை அவனிடம் காட்டியபோது கருவியைப் பிடுங்கி, தகட்டை எடுத்து எடுத்து வைத்து ஐந்தாறு முறை பார்த்தான். கடைசியில், "சாரே, அப்போ இதுவும் கூடுதல் தானே?" என்றான். ஆமாம், கூடுதல்தான். என் ஆய்வகத்தில் நான் கொண்டுபோன கருவி மணிக்கு 0.16 மைக்ரோகிரே காட்டும் (கிரே என்பது காற்றோ உடம்போ உறிஞ்சும் கதிரளவின் அலகு).

முதல் மாதிரி, முதல் பிழை

அன்றைக்கு நான் செய்த தவற்றை இங்கே விவரமாகவே எழுதுகிறேன். அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தது. குவியலில் இருந்து, அதுவும் நன்றாகக் கறுத்த இடத்தில், ஒரு கிலோ மணலை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரே இடம், ஒரே மாதிரி. எங்கள் நிறமாலைக் கருவி அப்போது பழுதில் இருந்ததால் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினேன்.

மண் மாதிரியை வாங்கியவுடன் அளந்துவிட முடியாது. 105 முதல் 110 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி, சலித்து, கொள்கலனில் அடைத்து, காற்றுப் புகாமல் நான்கு வாரம் மூடி வைக்க வேண்டும். ரேடியம்–226 சிதையும்போது வெளிவரும் ரேடான் வாயு தப்பிவிட்டால் கணக்கு குறைவாக வரும். ரேடானின் அரை ஆயுள் 3.82 நாள். நான்கு வாரத்தில் அதுவும், அது சிதைந்து உருவாகும் பிள்ளைத் தனிமங்களும் ரேடியத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். அப்புறம் ஈயக் கவசத்துக்குள் வைத்துப் பல மணி நேரம் எண்ண வேண்டும். நிறமாலையில் தோரியம் வரிசைக்கு (தோரியமும் அதன் பிள்ளைத் தனிமங்களும்) 911, 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகளும், யுரேனியம் வரிசைக்கு 609, 1764 கோடுகளும், பொட்டாசியம்–40க்கு 1460 கோடும் அடையாளம்.

மே முதல் வாரம்: அறிக்கை வந்தது

ஒரு கிலோவுக்குத் தோரியம்–232: 6,400 பெக்கெரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கெரல்). யுரேனியம் வரிசை: 800. பொட்டாசியம்–40: 60. உலக மண்ணின் நடு அளவு (மீடியன்) என்று அணுக்கதிர் விளைவுகளுக்கான ஐ.நா. அறிவியல் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் தந்த அளவுகள் முறையே 30, 35, 400. கீழே ரேடியம் சமானம் (மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியது) 9,957 என்றும், அனுமதிக்கப்பட்ட 370ஐ விட 27 மடங்கு அதிகம் என்றும், "சுகாதார அபாயம் உள்ளது" என்றும் தடித்த எழுத்தில் ஒரு வரி.

அந்த 370 எதற்கான எண் என்று அறிக்கையில் இல்லை. கட்டடப் பொருளுக்காக வைத்த சல்லடை எண் அது: ஒரு வீட்டின் சுவரும் தளமும் முழுக்க அந்தப் பொருளால் ஆனால் உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு வரும் என்று பார்க்கும் வாய்பாடு. துவைகல் பக்கத்துக் குவியலுக்கு அது பொருந்தாது. ஆனால் நானும் யோசிக்காமல் அறிக்கையைப் படம் எடுத்து இளைய மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். "வந்து விளக்கிச் சொல்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தது நான்கு நாள் கழித்து.

அந்த நான்கு நாளில் மருமகளை அவள் அம்மா வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கருவைக் கலைத்துவிடலாம் என்று ஒரு சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார், அதற்கு ஒரு நாளும் குறித்தாயிற்று. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் கேட்டார்: "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வாக்கு சொல்லுங்க சாரே."

வாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அளவு மட்டும் சொல்ல முடியும். அதற்கு மண்ணின் அறிக்கையும் தேவையில்லை, அன்று மாலைக்குள் எடுத்துவிடலாம். வெளியிலிருந்து வரும் காமா அளவை அறிய, மனிதர் இருக்கும் இடத்தின் காற்றில் தரப்படுத்திய கருவியால் அளப்பதே நேர்வழி. எதிலிருந்து வருகிறது, எந்தத் தனிமம் என்பதைத்தான் மண் ஆய்வு சொல்லும். முதலில் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு இரண்டாவதை முதலில் செய்திருந்தேன்.

மறு அளவீடு

அன்று பிற்பகல் முழுக்க அளந்தோம். இளைய மகன் எழுதிக்கொண்டான். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் (படுக்கையறையில் கட்டில் உயரத்தில்) ஒவ்வோர் இடத்திலும் பத்து வாசிப்புகள் எடுத்து, அவற்றின் சராசரி. எல்லாம் மணிக்கு மைக்ரோகிரேயில்:

முற்றம் பொதுவாக 0.82. குவியலின் மேல் 1.9. முன் அறையிலும் அடுக்களையிலும் 0.42. படுக்கையறையில் 0.74. கோவிலுக்குப் போகும் பாதையில் 0.4. கடற்கரையில், வலை பின்னும் இடத்தில் 0.9.

படுக்கையறை எண் எங்களை யோசிக்க வைத்தது. அதே ஓடு, அதே சுவர். முன் அறையை விட ஏறக்குறைய இரு மடங்கு. வயதான அம்மாவிடம் கேட்டதும் விடை வந்தது. முன் அறை பழைய வீடு, அடியில் செம்மண்ணும் செங்கல் உடைசலும். படுக்கையறை மூத்த மகன் கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டியது. "அப்போ கைல காசு இல்ல மக்களே. கரையில கிடந்த மணலை நாங்க பொம்பளைங்க கூடை கூடையா சுமந்து நிரப்பினோம்" என்றார். சிமென்ட் தளத்துக்கு அடியில் இரண்டடிக்குக் கருமணல். எந்த ஆய்வகமும் சொல்லாத தகவல் இது.

மறுநாள் விடியற்காலையில் மூத்த மகன் கருவியை வள்ளத்தில் எடுத்துப் போனார். கரையை விட்டு விலக விலக எண் இறங்கி, ஆழக் கடலில் 0.04இல் நின்றது. அடியில் தண்ணீர், மண் இல்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் விண்வெளிக் கதிர் மட்டும். ஊர்க்கூட்டத்தில் நான் பேசிய எதையும் விட, அவர் வந்து சொன்ன இந்த ஒரு விஷயம்தான் எல்லோர் மனதிலும் நின்றது. கதிர் காற்றில் எங்கிருந்தோ வருவதானால் கடலிலும் இருக்க வேண்டுமே.

மண்ணையும் இந்த முறை சரியாக எடுத்தேன். முற்றத்தின் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்து, கலந்து, நாலாகப் பகுத்து ஒரு பங்கு. நான்கு வாரம் கழித்து, ஜூனில் சரியாகியிருந்த எங்கள் கருவியிலேயே எண்ணியபோது தோரியம் 1,150, யுரேனியம் வரிசை 160, பொட்டாசியம் 130 பெக்கெரல். முதல் மாதிரியில் தோரியம் இதைப் போல் ஐந்தரை மடங்கு.

இதைக் காற்றின் அளவோடு ஒத்துப் பார்க்கலாம். மண்ணின் பெக்கெரலைக் காற்றின் நானோகிரேயாக மாற்ற ஐ.நா. குழு தந்த பெருக்கு எண்கள் யுரேனியம் வரிசைக்கு 0.462, தோரியத்துக்கு 0.604, பொட்டாசியத்துக்கு 0.0417. கூட்டினால் மணிக்கு 774 நானோகிரே. விண்வெளிக் கதிருக்குச் சுமார் 30 சேர்த்தால் 0.80 மைக்ரோகிரே. கருவி காட்டியது 0.82. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நிறமாலையில் இன்னொன்றும் தேடினோம். அணு உலையிலிருந்து ஏதாவது வந்திருந்தால் சீசியம்–137இன் 662 கோட்டில் ஒரு மேடு தெரிய வேண்டும். கண்டறியக்கூடிய அளவில் இல்லை. இருந்தவை எல்லாம் தோரியமும் யுரேனியமும் பிறப்பித்த குடும்பம், அப்புறம் பொட்டாசியம்.

எண்ணிலிருந்து உடம்புக்கு

வழக்கமாக ஆய்வுகளில் ஒருவர் எண்பது விழுக்காடு நேரம் வீட்டுக்குள், இருபது விழுக்காடு வெளியே என்று வைத்துக் கணக்கிடுவார்கள். கடலில் பத்து மணி நேரம் இருப்பவருக்கும், நாள் முழுக்க முற்றத்தில் விளையாடும் குழந்தைக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? ஒவ்வொருவரின் நாளையும் மணி மணியாகக் கேட்டு எழுதினோம்.

மருமகள்: படுக்கையறையில் 10 மணி நேரம், முன் அறையும் அடுக்களையும் 9, முற்றம் 4, வெளியே 1. ஆண்டுக்குக் காற்றில் 5.4 மில்லிகிரே. காற்றின் கிரேயை உடம்பின் சீவெர்ட்டாக மாற்ற, பெரியவர்களுக்கான 0.7ஆல் பெருக்கினால் 3.8 மில்லிசீவெர்ட். குழந்தை: படுக்கையறை 12, முன் அறை 6, முற்றம் 5, குவியல் மேல் ஏறி விளையாடுவது 1; சிறுவர்களுக்கான 0.8ஆல் பெருக்கினால் 5.1. மூத்த மகன்: கடல் 10, கடற்கரை 3, மீதி வீடு, 2.7 மில்லிசீவெர்ட் மட்டும். ஒரே கூரையின் கீழ் சிறியவனுக்குத்தான் அதிகம், அப்பாவுக்குப் பாதி.

உலக அளவில் மண்ணிலிருந்து வரும் காமா ஒருவருக்கு ஆண்டுக்கு 0.48, விண்வெளிக் கதிர் 0.39, ரேடான் முதலியவற்றைச் சுவாசிப்பதில் 1.26, உணவில் 0.29, மொத்தம் 2.4 மில்லிசீவெர்ட். ஆக, மருமகளுக்கு வெளிப்புறக் கதிரில் மட்டும் சராசரியை விட ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கூடுதல்.

முதலில் வயிற்றுப் பிள்ளை. பேறுகாலம் முழுக்க அதே வீட்டில், ஒன்றும் மாற்றாமல் இருந்தாலும் கருவுக்குச் சேர்வது சுமார் 3 மில்லிகிரே. கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் குறைவான அளவைக் காரணமாகச் சொல்லிக் கருவைக் கலைப்பது நியாயமில்லை என்பது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. கேரளக் கரையில், இதே மோனசைட் மண்ணில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பதிவுசெய்து பார்த்ததில், பிறவிக் குறைகள் கதிரளவோடு கூடுவதாகத் தெரியவில்லை. மறு அளவீடு முடிந்த மறுநாளே இதை நான் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போய், அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். குறித்த நாள் ரத்தானது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு, அங்கிருந்து வெகு தொலைவில் இருந்த கிரேக்க நாட்டில், மிகச் சொற்பக் கதிரளவுக்குப் பயந்து நிறையப் பெண்கள் கருவைக் கலைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை நான் வகுப்பில் பல முறை சொன்னவன். என் கைப்பேசியிலிருந்து போன ஒரு படம் அதே காரியத்தைச் செய்யவிருந்தது.

அடுத்தது புற்றுநோய். ஆணையத்தின் 2007 பரிந்துரைப்படி ஒரு சீவெர்ட்டுக்கு 5.5 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு. ஆண்டுக்கு 3 மில்லிசீவெர்ட் கூடுதல், அறுபது ஆண்டுகள் என்றால் 180 மில்லிசீவெர்ட். அதாவது நூறில் ஒன்று என்ற அளவில் கூடுதல் வாய்ப்பு. இது காகிதக் கணக்கு. குறைந்த அளவு நீண்ட காலம் பட்டாலும் பாதிப்பு அதே விகிதத்தில் இருக்கும் என்று எச்சரிக்கையாக வைத்துக்கொண்ட ஊகத்தில் நிற்பது.

நேரில் பார்த்த கணக்கு ஒன்றும் உண்டு. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது, அதில் 30 ரத்தப் புற்று. வீட்டின் கதிரளவு கூடியவர்களிடம் புற்றுநோய் கூடியிருக்கவில்லை. 2009இல் வெளியான முடிவு இது. "அப்ப ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமா?" என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. அவ்வளவு பேரிடம் தேடியும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது என்று சொல்லலாம். இன்னொருவர் எழுந்து, "எங்கப்பா தொண்டைப் புற்றுல போனாரு. இந்த மண்ணுதானா?" என்றார். ஒரு மனிதரின் நோயை எடுத்து இது கதிரால் வந்தது, இது புகையிலையால் வந்தது என்று பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது. அதை அப்படியே சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது தெரிந்தது.

ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்தானே வரம்பு என்று இளைஞர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அது ஆலை, உலை போன்ற மனிதச் செயல்களால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேர்வதற்கான வரம்பு. ஏற்கெனவே நிலத்தில் இருப்பதற்கு 1 முதல் 20 வரை ஓர் அளவைத் தேர்ந்து, அதற்குக் கீழே முடிந்தவரை குறைக்கப் பார்ப்பதே ஆணையம் சொல்லும் வழி. "முடிந்தவரை" என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலைகளை முடிவு செய்தோம்.

ஜூலை: முடிவுகளும் காரணங்களும்

வீட்டை விட்டுப் போக வேண்டாம். இது முதல் முடிவு. கடலை விட்டுப் போனால் தொழில் போகும், கடன் வரும். கணக்கில் கூட நிச்சயமில்லாத ஒரு சிறு ஆபத்துக்கு நிச்சயமான பெரிய இழப்பை யாரும் வாங்கக் கூடாது.

இரண்டாவது, படுக்கையை மாற்றுவது. 0.74 உள்ள அறையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் படுப்பவர்கள் 0.42 உள்ள முன் அறையில் படுத்தால் போதும். காசு செலவே இல்லாமல் அதிகம் குறைவது இதில்தான். வீட்டார் முதலில் கேட்டது தளத்தின் மேல் கிரானைட் போடலாமா என்று. வேண்டாம் என்றேன். தோரியம் வரிசையின் 2614 காமாவை ஓர் அங்குலக் கல் பெரிதாகத் தடுக்காது. சில கிரானைட்டுகளுக்கே சொந்தமாகக் கதிர் உண்டு. என்றைக்காவது தளத்தை உடைத்துப் போடும் நாள் வந்தால் அடியில் இருக்கும் மணலை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, குவியல். பூச்சு வேலைக்கென்று எடுத்து வைத்தது. வேறு யாராவது வீட்டுக்கு நிரப்பக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எடுத்த இடத்திலேயே, கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நான்காவது, குழந்தை விளையாடும் பக்கத்தில் ஓரடிக்குச் சற்றுக் குறைவாக நல்ல மண் போட்டு மூடுவது. காமாவில் பெரும்பகுதி மேல்மட்டத்து முப்பது சென்டிமீட்டர் மண்ணிலிருந்துதான் வெளியே வருகிறது. அதன் மேல் வேறு மண் கனமாகக் கிடந்தால் நன்றாகவே குறையும்.

பிறகு நடந்தது

மண் போடுவதில் ஒரு தடங்கல். ஆகஸ்டில் மழை ஓய்ந்த ஒரு நாள் டிப்பரில் செம்மண் வந்து இறங்கியது. கொட்டும் முன் இளைய மகன் கருவியை வைத்துப் பார்த்திருக்கிறான். வழக்கத்துக்கு மாறாக எண் ஏறியது. என்னைக் கூப்பிட்டான். என் கருவியில் 0.6. விசாரித்தால், கரைக்குப் பக்கத்துத் தேரியிலிருந்து (செம்மணல் மேட்டிலிருந்து) வந்த மண். தேரி மணலும் சிவப்புதான், ஆனால் அதிலும் கன கனிமங்கள் உண்டு. திருப்பி அனுப்பினோம். அடுத்த லோடு உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது, அதை அளந்த பிறகே இறக்கினார்கள். பீதியைக் கிளப்பியதாக ஊரார் திட்டிய அதே பேனாக் கருவி அன்றைக்கு உதவியது. துல்லியம் இல்லாவிட்டாலும் இதுவா அதுவா என்று ஒப்பிடுவதற்கு அது போதும்.

மூடிய இடத்தில் இப்போது 0.31. படுக்கையும் முன் அறைக்கு வந்தபின் கணக்கு மாறியது: குழந்தைக்கு 5.1லிருந்து 2.9, மருமகளுக்கு 3.8லிருந்து 2.5 மில்லிசீவெர்ட்.

மே மாதமே வீட்டுக்குள் ரேடான் உணரும் படலங்களை மூன்று மாதத்துக்குத் தொங்கவிட்டிருந்தோம். முடிவு ஒரு கன மீட்டருக்கு 38 பெக்கெரல். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 100க்குக் கீழே. ஓட்டுக் கூரை, எப்போதும் திறந்த சன்னல், கடல் காற்று என்ற வீட்டில் எதிர்பார்த்ததுதான். தோரியம் மண்ணில் ரேடானின் இன்னொரு வகையான தோரான் வாயுவும் வரும். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, 55.6 நொடி. சுவரை ஒட்டி வைத்தால் அதிகமும் அறை நடுவில் வைத்தால் குறைவும் காட்டும் என்பதால், வாயுவை மட்டும் அளந்து உடம்புக்கான கணக்குப் போடுவது தப்பாகிவிடும். அதன் பிள்ளைத் தனிமங்களை அளக்கும் தனி உணரிகள் வேண்டும். எங்களிடம் அப்போது இல்லை. எனவே மேலே சொன்ன மில்லிசீவெர்ட் கணக்குகளில் மூச்சு வழி வருவது சேரவில்லை.

மருமகள் ஜூலை நடுவில் திரும்பி வந்தார். நவம்பரில் பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஒரு குழந்தை நன்றாகப் பிறந்ததை வைத்துக் கதிரைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பக்கத்து மனையை வாங்க முன்பணம் கொடுத்திருந்தவர் மே மாதமே பின்வாங்கினார். அந்த இழப்பு நான் இதை எழுதும்வரை சரியாகவில்லை.

இனி மாற்றிச் செய்வது

போன அன்றே காற்றின் அளவை எடுத்து, அன்றே வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் மண்ணில் கை வைப்பேன். வீடு எப்படிக் கட்டினார்கள், எங்கிருந்து மணல் வந்தது என்று வயதானவர்களிடம் கேட்பது என் படிவத்தில் இப்போது முதல் கேள்வி. மாதிரி எடுத்தால் குறைந்தது ஐந்து இடம். கறுத்த மணலைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தால் "தேர்ந்தெடுத்த மாதிரி" என்று பை மேலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஆய்வக அறிக்கையில் 370ஐப் போடும் இடத்தில், அது கட்டடப் பொருளுக்கு என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம். எண்கள் கைப்பேசியில் போவதில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீடு என்றால், அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுகிறேன்.

ஆனி, ஆடிக் காற்றுக்குப் பிறகு கரையில் கருமணல் புதிதாக ஒதுங்கும், சில இடத்தில் கரைந்தும் போகும். கோடையில் எடுத்த ஓர் அளவை ஆண்டு முழுவதற்கும் நீட்டியது என் கணக்கின் பலவீனம். செப்டம்பரில் மறுபடி எடுத்தபோது முற்றம் பெரிதாக மாறவில்லை. கடற்கரை அளவு 0.9லிருந்து 1.3 ஆகியிருந்தது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கிறோம், இளைய மகனே எடுத்து அனுப்புகிறான்.

வயதான அம்மா மட்டும் பழைய படுக்கையறையை விடவில்லை. அங்கே படுத்தால் அவருக்கு எவ்வளவு கூடும், முன் அறையில் படுத்தால் எவ்வளவு குறையும் என்று இரண்டு எண்ணையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "எனக்கு எழுபத்தி நாலு ஆச்சு மக்களே. அந்தச் சன்னல்ல தான் காத்து வரும்" என்றார். அவர் கட்டிலை அங்கேயே விட்டுவிட்டோம்.